ஒளிராத குழாய்

நோயாளியின் ரத்தம் விட்ட குழாய் பச்சையாக ஒளிர வேண்டும். நலமாக இருப்பவரின் ரத்தம் விட்ட குழாய் இருண்டு கிடக்க வேண்டும். மதிவதனி தயாரித்த நானோ கரைசலிடம் எதிர்பார்க்கப்பட்டது அவ்வளவுதான். ஈரலில் புற்று இருந்தால் ரத்தத்தில் கூடிவிடும் ஒரு நொதி பட்டால் மட்டுமே அது ஒளிரும். ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு குழாய்களுமே ஒளிர்ந்து தொலைத்தன. கரைசலில்தான் கோளாறு என்று கொட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து காய்ச்சினாள். நலமான ரத்தம் எப்போதும் அவளோடு ஆராய்ச்சி செய்யும் இசக்கிராஜுடையது. "எடுத்துக்கோ, குறைஞ்சா போயிருவேன்?" என்று சட்டைக் கையை மடித்து நீட்டிவிடுவான்.

இன்று மதியம் அவன் மேசையில் தலைசாய்த்துத் தூங்கிப்போனான். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். வேலை அவனையும் பிழிகிறது. எழுப்ப மனம் வராமல் அவள் தன் விரலிலேயே குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். புற ஊதா விளக்கைப் போட்டாள்.

நோயாளியின் குழாய் ஒளிர்ந்தது. அவளுடையது இருண்டே கிடந்தது.

"அப்பாடா" என்று வாய்விட்டுச் சொன்னாள். அடுத்த கணம், குத்திய விரலை அழுத்திப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

வெளியே கொட்டாவியோடு அவன் குரல் கேட்டது. "என்ன வதனி, சரியா வந்துட்டா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "வந்துட்டு."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன், சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தான்.

"நம்பவே முடியல. இந்தா, என் ரத்தத்துலயும் ஒருதடவ பாத்துரு."