ராத்திரிக் கிரீம்

ரெட்டினால் கிரீம் கேட்டதும் விருதுநகர் மருந்துக்கடை காளீஸ்வரன் சிரித்துவிட்டான்.

“செல்லப்பாண்டியண்ணே, அம்பது வயசுல யாருக்கு இந்த மினுக்கு? மதினிக்குத் தெரியுமா?”

“அவதாம்ப்பா வாங்கச் சொன்னா.”

“ராத்திரிதான் தடவணும். இடையில விட்டீகன்னா சுருக்கம் திரும்ப வந்துரும்.”

“வருசக்கணக்கா தடவுறேன்ப்பா. கைச் சுருக்கத்துக்கும் போடலாமா, அதச் சொல்லு.”

போன வருடம் சோம்பலில் விட்டுவிட்டேன்; முகத்தில் சுருக்கம் விழுந்துவிட்டது. நினைவு தடுமாறிப் படுக்கையில் கிடக்கும் அம்மா, “யாருய்யா நீ? எம்மவன் மணிமுத்து எங்க?” என்று அழுது, சாப்பிடாமல் கிடந்தாள். அதிலிருந்து கிரீமை விடுவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கன்னத்தைத் தடவினாள்.

“மணிமுத்து, வந்துட்டியாய்யா?”

“வந்துட்டேம்மா.”

மணிமுத்து என் தம்பி. பட்டாசு கம்பெனி வெடித்தபோது உள்ளே இருந்தவன். சுருக்கம் விழும் வயது அவனுக்கு வரவே இல்லை. அதை அம்மாவிடம் யார் சொல்வது?

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த வெடியில செல்லப்பாண்டி போயிட்டான். போனாப் போறான்யா. நீ பொழச்சியே, அது போதும் எனக்கு.”

“ஆமாம்மா,” என்றேன் செத்துப்போன நான்.