அய்யாவுக்கு மூடி வச்ச சோறு

"எம்மக பேச மாட்டேங்குறா, சோறு திங்க மாட்டேங்குறா. காப்பாத்துங்க டாக்டரம்மா!" பாம்பன் அற்புதம்மாள், மக பிரிஸ்காவ இழுத்துக்கிட்டு வந்து ஒரே அழுகை.

டாக்டரம்மாவுக்கும் மனசு கேக்கல. "இது மனசு நோவும்மா. தாயும் தகப்பனும் கூட உக்காந்து பேசுனாத்தான் பிள்ள தேறும். இவ அய்யாவையும் கூட்டியாங்க."

"அவுக எங்க கண்ணுல படுறாக? நான் மூடி வைக்கிற சோத்த விடியுமுன்ன வந்து தின்னுட்டு, மறுபடி கடலுக்குப் போயிருறாக. தட்டு மட்டும் கழுவிக் கெடக்கு. இன்னைக்கி முழிச்சிருந்து புடிச்சிருறேன்!"

அம்மா வெளிய போனதும் பிரிஸ்கா டாக்டரம்மா கையப் புடிச்சுக்கிட்டா.

"அம்மாவுக்குத் தூக்க மாத்திரை குடுங்க. புயல்ல போன எங்க அய்யா வள்ளம் திரும்பவே இல்ல. தட்டுல சோறு மிஞ்சுன அன்னைக்கி, அவரத் தேடி அம்மா கடலுக்குள்ள எறங்கிருச்சு. அதுலருந்து அந்தச் சோத்த நான்தான் திங்குறேன்."