இன்னொரு தடவ வருவீங்களா?

"நல்லாருக்குன்னு மட்டும் சொல்லப்பிடாது சார். உள்ளத உள்ளபடி சொல்லணும்," என்றாள் பெமிலா.

சுந்தர்சிங் சாப்பிடும் குச்சிகளை ஓரமாக வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார். "நீ வாங்கித் தாற சாப்பாட்ட நான் எப்பிடி மக்கா குத்தம் சொல்லுவேன்?"

பெமிலா தூத்துக்குடியிலிருந்து நாகர்கோவில் கிளைக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மேலாளர் சுந்தர்சிங்கும் காசாளர் அஞ்சலியும் அவள் வந்த நாளிலிருந்தே விருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரியாணி என்று நம்பி வந்தவர்களை, வங்கி வேலை முடிந்ததும் செட்டிகுளம் பக்கம் புதிதாகத் திறந்திருந்த இந்தச் சின்ன ஜப்பானிய உணவகத்துக்குள் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டாள். வேறு ஒரு மேசையிலும் ஆள் இல்லை.

சமையல்காரரே தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். சட்டையில் 'ஜெஃப்ரின்' என்று தைத்திருந்தது.

"இந்த வேலைய எங்க படிச்சீங்க?" என்று கேட்டார் சுந்தர்சிங்.

"டோஹாவுல சார். ஒரு ஜப்பான்காரர் கடையில ஒம்பது வருஷம் நின்னேன்."

"இங்க யாவாரம் எப்பிடி?"

"வாறவங்க எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுதாவ. ரெண்டாந்தடவ ஒருத்தரும் வரல்ல." லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

பெமிலா முன்னால் சாய்ந்தாள். "இப்போ சொல்லுங்க சார்."

"மீனு ஒண்ணாந்தரம். முட்டத்துச் சூரை, இன்னைக்குப் பிடிச்சதுதான். ஆனா சோத்த மருந்து மாதிரில்லா வச்சிருக்கு. வீட்டுக்குப் போயி இன்னொருக்கா உண்ணணும். பேருக்குக்கூட எரிவு இல்ல."

"நீ சொல்லு அஞ்சலி."

"எனக்கு மெனுவப் பாத்துதான் பயம் அக்கா. எது பச்ச மீனு, எது வெந்ததுன்னு ஒண்ணும் வெளங்கல்ல. கேக்கவும் வெக்கம். சும்மா ஒண்ணுல வெரல வச்சுட்டேன்."

"இன்னொரு தடவ வருவீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ளதச் சொன்னா, இல்ல," என்றார் சுந்தர்சிங்.

பெமிலா தலையசைத்தாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. அதற்குள் ஜெஃப்ரின் டீயோடு வந்துவிட்டார்.

"எப்பிடி இருந்து சார்?"

"கொள்ளாம், கொள்ளாம். ரொம்ப நல்லாருந்து."

"ஆமா, சூப்பர்," என்றாள் அஞ்சலி.

"பொய்," என்றாள் பெமிலா. "சார், இப்போ எங்கிட்ட சொன்னத அவருட்டயும் சொல்லுங்க."

சுந்தர்சிங்குக்கு வேர்த்தது. அஞ்சலி மேசைக்கு அடியில் பெமிலாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, சும்மா இருங்க. பாவம்லா."

"பாவம்னு நெனச்சுதான் எல்லாரும் பொய் சொல்லிட்டுப் போறாவ. சொல்லுங்க சார்."

வேறு வழியில்லாமல் சுந்தர்சிங் சொன்னார். சோறு போதாது என்றார். தொட்டுக்கொள்ளக் காரமாக ஏதாவது வேண்டும் என்றார். மெனுவைத் தமிழில் எழுதி, பச்சை மீன் எது, வெந்தது எது என்று தனித்தனியாகப் போடலாம் என்று அஞ்சலி தரையைப் பார்த்தபடி சொன்னாள். பிழைப்புக்காகக் கடை வைத்திருக்கும் மனிதரை முகத்துக்கு நேரே இப்படி அறுக்க வைக்கிறாளே, இனி இவளோடு வெளியே சாப்பிட வரவே கூடாது என்று மனதுக்குள் முடிவும் செய்துகொண்டாள்.

ஜெஃப்ரின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு வத்தல் மொளவுத் தொவையல் வச்சு, சோத்தையும் கூட்டிப் போட்டா வருவியளா சார்?"

சுந்தர்சிங் யோசித்தார். இந்த முறை முகத்துக்காகச் சொல்லவில்லை. "வருவேன். எனக்க பிள்ளையளயும் கூட்டிட்டு வருவேன். அந்த மீனுக்காவே வரலாம்."

ஜெஃப்ரின் எழுந்து காலித் தட்டுகளை அடுக்கினார். பிறகு முதல் தடவையாகப் பெமிலாவின் பக்கம் திரும்பினார்.

"டோஹாவுக்குத் திரும்பிப் போகப் போட்ட டிக்கெட்ட கேன்சல் பண்ணிருதேன். மழ வாறதுக்கு முந்தி நீ போயி, நம்ம பிள்ளையள டியூஷன்லேந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."