மேடைக்கு ஒரு பெண்

"பெண் விடுதலைக் கூட்டத்துல பேச ஒரு பொம்பளைகூட இல்லேன்னா ஊரே சிரிக்கும், வாத்தியாரே," என்றார் ராதாகிருஷ்ணன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவரைத் தெரியாதவர் கிடையாது. பகலில் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை, சாயங்காலம் மேடை. அவர் தொண்டையைத் திறந்தால் செந்தூல் பட்டறை இஞ்சின்கள்கூடப் புகையை அடக்கிக்கொண்டு கேட்கும் என்பார்கள். என்பார்கள் என்ன, அவரேதான் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பெண் பேசுவாள் என்று தமுக்கடிக்காத குறையாக அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் அவர் தலையைக் கண்டாலே, மழை வந்தால் கொடித்துணி போவதுபோல் உள்ளே போய்விட்டார்கள்.

கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருந்த ஆசிரியர் ஜெயராஜ் சிரித்தார்.

"அதுக்குத்தான் வந்தேன், அண்ணே. ஊர்ல என் சம்சாரம் ரமணிகூடப் படிச்ச பொண்ணு ஒண்ணு. பதினாலு வயசுலேயே பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரை வாயடைக்க வெச்சவங்களாம். கல்யாணமாகி இந்தக் குவார்ட்டர்ஸுக்குத்தான் வந்தாங்களாம். ரமணி மலாயாவுக்கு வந்த நாள்லேருந்து, 'அவளைக் கண்டுபிடிங்க'ன்னு என் உயிரை எடுக்கிறா."

பெண் விடுதலை என்றால் என்ன என்று அந்த இன்ஸ்பெக்டர் வகுப்பில் கேட்டாராம். ஆண்கள் மனமிரங்கிப் பெண்களுக்குக் கொடுப்பது என்று மற்றப் பிள்ளைகள் ஒப்பித்தார்களாம். இவள் மட்டும் எழுந்து நின்றாளாம்.

"'கொடுக்க அவங்க யாரு? எங்ககிட்டேருந்து எடுத்ததைத் திருப்பி வெச்சாப் போதும்' அப்படின்னாங்களாம்."

ராதாகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து ஒரு முழம் எழும்பினார். "இந்த ஒரு வரிக்கே கோலாலம்பூர் கைதட்டுற சத்தம் கிள்ளான் வரைக்கும் கேட்கும். அவங்க பேரு என்ன?"

"சீதாலெட்சுமி."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"அட, அது எங்கம்மா பேரு," என்று ராதாகிருஷ்ணன் சிரித்தார். "அம்மா தவறி ரெண்டு வருஷமாச்சு. பாவம், அவங்க பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிச்சதில்ல. நீங்க தேடுறது வேற ஆளு."

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து வளையல் கை ஒன்று கோப்பித் தட்டை நீட்டியது. "ஏங்க, ஒரு வார்த்தை..."

"கொஞ்சம் இரு, தங்கமணி. பொம்பளைங்க விஷயமா முக்கியமாப் பேசிக்கிட்டிருக்கோம்."

கோப்பியைக் குடித்துவிட்டு இருவரும் வீடு வீடாகக் கிளம்பினார்கள். நாகையா சம்சாரம் இருந்தார், பழனியப்பன் சம்சாரம் இருந்தார், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா இருந்தார். சீதாலெட்சுமி எந்த வீட்டிலும் இல்லை. ஒரு வீட்டில் மனைவியின் பெயரைக் கேட்டதும் கணவர் தலையைச் சொறிந்துகொண்டு, உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். ராதாகிருஷ்ணனுக்கு வயிறு புண்ணாகும்படி சிரிப்பு.

"பெண்டாட்டி பேரே தெரியாத மனுஷன். இந்த ஊர்ல நான் தொண்டை கிழியக் கத்தி என்ன பிரயோஜனம், வாத்தியாரே?"

பொழுது சாயும் நேரத்தில் வீட்டு வாசலுக்குத் திரும்பினார்கள். திரை அசைந்தது.

"ஏங்க..."

"வந்து கேட்டுக்கிறேன். வாத்தியாருக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

ஸ்டேஷனில் ஜெயராஜ் முகம் வாடி நின்றார். அடுத்த வாரம் அவருக்குப் பினாங்குக்கு மாற்றல். ரமணியிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"அந்த அம்மா இங்கே இல்லைன்னு சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை நானே பேசிடறேன். அந்த வரியை மட்டும் நான் எடுத்துக்கிறேன்," என்று ராதாகிருஷ்ணன் அவரைத் தேற்றி ரயிலேற்றினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒத்திகைதான். 'எடுத்ததைத் திருப்பி வையுங்கள்!' என்று அவர் முழங்கியதில் வழியிலிருந்த மலாய்க் கம்பத்து வீட்டு நாய்கள் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டன.

தங்கமணி இலை போட்டுச் சோறு பரிமாறினாள். இரண்டு கவளம் உள்ளே போனதும் அவருக்கு நினைவு வந்தது.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ரயில் போயிடுச்சா?"

"அப்பவே போயாச்சு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ரமணி இன்னமும் இடது கையாலதான் எழுதுறாளான்னு அவர்கிட்ட கேட்கணும்னு நினைச்சேன்."

அவர் கை பாதி வழியில் நின்றது. "ரமணியை உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் குனிந்து, நிதானமாக ரசம் ஊற்றினாள்.

"பெத்த தாய் பேரைச் சொல்லிப் பெண்டாட்டியை எப்படி அதட்டுறதுன்னு, கல்யாணத்தன்னைக்கே எனக்குத் தங்கமணின்னு பேர் வெச்சது நீங்கதானே."