ஓடாதவன்

"ஆத்துல படகு நிக்குது. துடுப்பும் உள்ளேயே கிடக்கு. வாய்யா, ரெண்டு பேரும் ஓடிடலாம்!"

சமையல்காரி டாம்சின் கிசுகிசுத்தாள். கொட்டகையில் புகையிலையைக் கழியில் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த ஜாபெஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏழு வருஷம் முடிய இன்னும் ஒன்பதே நாள். இப்ப ஓட எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

கப்பல் கூலிக்குப் பதிலாக ஏழு வருடம் உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துவிட்டு வர்ஜீனியாவுக்கு வந்தவன் அவன். கெடு முடிந்தால் விடுதலைச் சீட்டு, ஒரு புதுச் சட்டை, ஒரு மண்வெட்டி, மூன்று பீப்பாய் சோளம். முடிவதற்குள் ஓடினால் எல்லாம் போச்சு. அதனாலேயே கடைசி மாதத்தில் பட்டினி போட்டு, அடித்து, ஆட்களை எப்படியாவது ஓடவைப்பது அந்தப் பக்கத்துத் துரைமார் வழக்கம். சோளம் மிச்சம்.

ஹாஸ்கின்ஸ் துரை மட்டும் தலைகீழ். ஒரு மாதமாக ஜாபெஸுக்குப் பன்றிக்கறி, ஆப்பிள் மது, புதுக் காலணி. சாட்டையை எங்கே வைத்தோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

"அதான்யா பயமா இருக்கு," என்றாள் டாம்சின். "மத்த ஆளுங்களை எல்லாம் தூரத்துத் தோட்டங்களுக்கு வித்துட்டாரு. உனக்கு மட்டும் கறி போடுறாரு. வெட்டப்போற பன்னிக்குத்தான் இப்படித் தீனி போடுவாங்க."

"ஓஹோ, உன்னை அனுப்பினதே அவர்தானா? ஓடவைக்க இது புதுத் தந்திரமா?"

"நல்லா வருவ போ. சோளக்கொல்லைப் பொம்மைக்குக்கூட உன்னைவிட மூளை இருக்கும்!"

மறுநாள் படகையும் காணோம், டாம்சினையும் காணோம். அவளுக்கு இன்னும் நாலு வருடம் பாக்கி. ஆனாலும் துரை தேடச்சொல்லி ஆள் அனுப்பவில்லை.

"போனா போறா. நீ மட்டும் ஓடிடாதேடா, ஜாபெஸ்," என்று தோளில் தட்டினார். ஜாபெஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்பதாம் நாள் துரையே கொட்டகைக்கு வந்தார்.

"உன் பாதியைக் கொண்டா."

ஒப்பந்தத்தை ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். ஏழு வருடமாக இடுப்பில் கட்டியிருந்த பாதியை ஜாபெஸ் அவிழ்த்து நீட்டினான். துரை தன் பாதியை அதோடு சேர்த்தார். பல்லுக்குப் பல் பொருந்தியது.

"கோர்ட்டுல ரெண்டையும் காட்டி, உன் பேருக்கு விடுதலைச் சீட்டு வாங்கிட்டு வந்துடுறேன். நீ அந்தத் தெற்கு வயலை மட்டும் கொத்தி முடிச்சுடு."

ஜாபெஸ் முடித்தான். மறுநாள் மதியம் ஷெரீப்தான் வந்தார், கூட ஒரு காவலன்.

"ஹாஸ்கின்ஸ் எங்கேடா? லண்டன் வியாபாரிக்கு மூணு வருஷப் புகையிலை பாக்கி. ஜெயில்ல போட வந்திருக்கோம்."

"கோர்ட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பலீங்க, ஐயா."

"கப்பல் ஏறிட்டானோ?" என்றார் ஷெரீப், காவலனைப் பார்த்து.

"கடன்காரனை எவன் ஏத்துவான்? விசாரிச்சுட்டேங்க. காலையில ஏறினது ஒரே ஒருத்தன். கெடு முடிஞ்ச கூலிக்காரன், ஜாபெஸ்னு பேரு. விடுதலைச் சீட்டு எல்லாம் சரியா வச்சிருந்தானாம்."

ஜாபெஸின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது. "ஐயா... நான்தாங்க ஜாபெஸ்!"

"அப்படியா? சீட்டைக் காட்டு."

ஜாபெஸ் வெறும் இடுப்பைத் தடவினான்.

ஷெரீப் கயிறு வாங்கக் காவலனிடம் கையை நீட்டியபடியே கேட்டார்: "சொல்லு, எந்தத் தோட்டத்துலேர்ந்துடா ஓடிவந்த?"