ஒரு கரண்டி கீரை

"தினமும் கீரையா? பார்த்தாலே குமட்டுது." ஏழு மாத வயிற்றோடு அக்கா தட்டைத் தள்ளினாள்.

"நீ சாப்பிடறதைப் பொறுத்துக் குழந்தையோட டி.என்.ஏ.வுல சின்னச் சின்ன அடையாளம் விழும்க்கா. எந்த மரபணு வேலை செய்யணும், எது தூங்கணும்னு அதுவும் சொல்லும்," என்றாள், ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தங்கை.

"போடி. ரெண்டு பெத்தவளுக்குப் பாடம் எடுக்காதே."

"அது உன் பிள்ளைங்க. இது..." தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லேன். கரு உன்னோடதும் உன் புருஷனோடதும். சுமக்கற வயிறு மட்டும்தான் என்னோடது. பெத்துக் கொடுத்துட்டா, அதுகிட்ட எனக்குன்னு ஒண்ணும் இருக்காதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அப்ப அந்த அடையாளம்?"

"அது உன்னோடதுதான்க்கா."

அக்கா தட்டை அருகில் இழுத்தாள்.

"இன்னொரு கரண்டி போடு."