கை நனைத்தவர்

“சோத்துல கை வச்சாச்சுல்ல? அப்புறம் என்னங்க, ஊருக்குப் போயி போன் பண்றோம்னு ஒரு பேச்சு?”

கமலாம்பாளின் குரல் வரிச்சிக்குடி பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கேட்டதில் அதிசயமில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவுச் சுவர்.

கொடியில் கிடந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தவற்றை உதறி மறுபடி மடித்தேன். சண்டை நீண்டுகொண்டே போனால் நான் என்ன செய்வது?

அவள் மகள் ஓவியாவைப் பெண் பார்க்க நன்னிலத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அஷ்வின், அவன் அம்மா மங்கையர்க்கரசி, அம்மாவின் தம்பி சுப்ராயன்.

பெண் பார்க்க வந்த இடத்தில் கேசரி, பஜ்ஜி, காபி. அதோடு சரி. சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கை நனைத்த பிறகு பேச்சு மாறக்கூடாது. எங்கள் பக்கத்தில் தாம்பூலம் மாற்றுவதற்கு முன்பே நிச்சயம் ஆவது இப்படித்தான்.

நனைந்தது சுப்ராயனின் கை.

எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆண்கள் எங்கள் காரைக்காலுக்கு விருந்தாட வந்தால் முதலில் பார்ப்பது கோயிலும் இல்லை, கடலும் இல்லை. இங்கே சரக்கு மலிவு. பஜ்ஜி வேகுவதற்குள் ஓவியாவின் அப்பா தங்கையன், சுப்ராயனை வண்டியில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போய்விட்டார். எந்த ஊரை என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து இறங்கியவர் எங்கள் வீட்டு முருங்கை மரத்துக்கு வணக்கம் சொன்னார்.

அடுப்பில் வஞ்சிரக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் கிளம்பிய பிறகு வீட்டார் சாப்பிட வைத்தது. வாசம் பிடித்துப் போய், பசிக்குது என்று உட்கார்ந்துவிட்டார் மனிதர்.

அதுவரைக்கும் தற்செயல். குடித்துவிட்டு வந்த ஆளுக்குக் கொல்லைப் பக்கம் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தால் போதாதா? கமலாம்பாள் கூடத்துக்கு நடுவில் தலைவாழை இலை போட்டாள். மறுசோறு வைத்தாள். ஜன்னலைக்கூடத் திறந்து வைத்தாள், தெரு பார்க்கட்டும் என்று.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஓவியாவுக்கு முப்பது முடிந்துவிட்டது. இதற்கு முன் வந்தவர்கள் எல்லோருமே போன் பண்ணுகிறோம் என்று சொல்லிப் போனவர்கள். ஒருவரும் பண்ணவில்லை. அப்போதெல்லாம் ஓவியாவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. இந்த அஷ்வினின் போட்டோவை மட்டும்தான் மொட்டைமாடிக்கு எடுத்துப் போய், போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நானும் வற்றல் எடுக்கத்தான் மாடிக்குப் போயிருந்தேன்.

மங்கையர்க்கரசி உள்ளறையில் ஓவியாவிடம் அவளுடைய வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது, தம்பி இலை முன்னால் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார்.

“கவர்மெண்ட் வேலைன்னு சொல்லி வரவச்சீங்க. பொண்ணக் கேட்டா தினக்கூலிங்குது. இதுல ஒருத்தன் குடிச்சிட்டுத் தின்ன சோத்த வேற கணக்குல சேக்குறீங்களா?”

“தாய்மாமன் கைங்க அது! அது கணக்குல வராம வேற எது வரும்?”

அஷ்வின் போனைத் தள்ளிக்கொண்டே இருந்தான். சண்டை அடுத்த தெருவில் நடப்பது போல. அறை வாசலில் நின்ற ஓவியா அவனையே பார்த்தாள். நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேண்டாம் என்றாவது அவன் வாயால் சொல்லியிருக்கலாம்.

“கை நனைச்சாத்தான் கல்யாணம்னா, நனைச்சவனுக்கே கட்டி வைங்களேன்! இந்தா ஒக்காந்திருக்கான் என் தம்பி!” என்றார் மங்கையர்க்கரசி.

நான் துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

சுப்ராயனுக்கு நாற்பதைத் தாண்டி வயது. மனைவி காமாலையில் போய்ச் சில வருடம் ஆகிறது.

இப்போது அஷ்வின் நிமிர்ந்தான். மாமாவைப் பார்த்தான், ஓவியாவைப் பார்த்தான். சிரிப்பு தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டான்.

“சரிங்க. எனக்குச் சம்மதம்” என்றாள் ஓவியா.

“யாருக்குக்கா கல்யாணம்?” என்று கேட்டார் சுப்ராயன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தனியாக வந்தார், தெளிவாக. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். “அந்தப் புள்ள கோவத்துல சொன்னுச்சுன்னு எனக்குத் தெரியாதாங்க?” என்று தங்கையனிடம் சொன்னார். ஓவியா காபியைக் கொண்டுவந்து வைத்தாள். கோபத்தில் சொன்னதுதான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லிவிடு சொல்லிவிடு என்று கமலாம்பாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன்.

ஆவணியில் அம்பகரத்தூர் கோயிலில் சுப்ராயன் ஓவியாவுக்குத் தாலி கட்டினார். கமலாம்பாள் அழுதாள். ஆனந்தத்தில் அழுகிறாள் என்றது தெரு. சொல்லட்டும்.

தை மாதம் அஷ்வினுக்குத் திருவாரூரில் கல்யாணம். பெண்ணுக்கு நிரந்தர வேலை. வரிச்சிக்குடியிலிருந்து வேன் வைத்திருந்தார்கள்; நான் போகாமல் இருப்பேனா? சீர்த்தட்டோடு தாய்மாமன் முன்னால் வர, பக்கத்தில் பட்டுப்புடவையில் ஓவியா வந்தாள்.

மாமா, அத்தை காலில் விழுங்க என்றார் ஐயர். மணமக்கள் விழுந்தார்கள்.

அஷ்வின் அவளைவிட இரண்டு வயது பெரியவன்.

“நல்லாயிருப்பா தம்பி” என்று அட்சதை போட்டாள் ஓவியா.